போரோமிரைக் காப்பாற்றிய ஆட்டம்

2002-இல் சில வார இடைவெளியில் இரண்டு மிடில் எர்த்கள் விற்பனைக்கு வந்தன. இரண்டும் டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையிலிருந்து செய்த வீடியோ கேம்கள். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட 'தி டூ டவர்ஸ்' ஆட்டத்தில் அரகோர்னுக்குப் படத்தில் நடித்த விகோ மார்ட்டென்சனின் முகம் இருந்தது. பீட்டர் ஜாக்சன் எடுத்த காட்சி ஓடிக்கொண்டே இருக்கும். எந்த நொடியில் அது ஆட்டமாக மாறியது என்று தெரியாது, பொத்தானை அழுத்தினால் வாள் சுழலும். விவெண்டி வெளியிட்ட 'தி ஃபெலோஷிப் ஆஃப் தி ரிங்' ஆட்டத்திலும் அரகோர்ன் உண்டு. ஆனால் அவன் யாரோ ஒருவன்.

இதில் கலைக் கொள்கை எதுவும் இல்லை. முதல் நிறுவனத்திடம் இருந்தது படத்தின் உரிமம். இரண்டாவதிடம் இருந்தது நாவலின் உரிமம். படத்தில் வராததை முன்னவர் தொட முடியாது, படத்தில் வந்த முகத்தைப் பின்னவர் காட்ட முடியாது. நாவலில் பாடிக்கொண்டே காட்டில் திரியும் டாம் பாம்படிலை ஜாக்சன் படத்துக்குள் விடவே இல்லை. விவெண்டியின் ஆட்டத்தில் அவர் பாட்டுக்குச் சுகமாக இருந்தார். ஒரு மனிதர் பேராசிரியர் வேலைக்கு நடுவே மெனக்கெட்டுக் கட்டிய நாட்டை இரண்டு பத்திரம் போட்டுப் பிரித்து நடுவில் வேலி அடித்துவிட்டார்கள். 2005-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நாவல் உரிமத்தையும் வாங்கிய பிறகுதான் அந்த வேலி போனது.

தில்லியில் அப்படி ஒரு வேலி இருந்ததாகவே யாருக்கும் தெரியாது. கனாட் பிளேஸில் தரைக்கு அடியில் இருக்கும் பாலிகா பஜாரிலும், கம்ப்யூட்டர் சாமான்களுக்குப் பேர்போன நேரு பிளேஸின் முற்றத்திலும் கள்ள சிடிகள் பகிரங்கமாக விற்றன. அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிடும் மோசமான சந்தைகளின் பட்டியலில் இரண்டு இடங்களுமே இடம் பிடித்திருக்கின்றன. வாஷிங்டனில் குற்றப் பட்டியலாக இருப்பது ஒரு தலைமுறைத் தில்லிப் பையன்களுக்கு நூலகமாக இருந்தது. பாலிகா பஜார் எழுந்ததே ஓர் இடிப்பின் மேல்தான் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். நெருக்கடி நிலைக் காலத்தில் அந்த இடத்தில் இருந்த இந்தியன் காபி ஹவுஸைத் தரைமட்டமாக்கினார்கள். காபி குடித்துக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டுகிறவர்கள் அங்கே கூடுவதுண்டு.

மதராசி கேம்ப்பில் வளர்ந்த ஒருவர் மூலமாகத்தான் இந்த ஆட்டங்களை நான் யோசிக்கத் தொடங்கினேன். ஜங்புராவில், பாராபுலா நாலா என்கிற கழிவுநீர்க் கால்வாயின் கரையில், நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த குடியிருப்பு அது. 1960களின் கடைசியிலிருந்து தமிழ்நாட்டுக் குடும்பங்கள் வந்து சேர்ந்து, ஒட்டி ஒட்டிக் கட்டிக்கொண்ட வீடுகள். விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆட்கள் நிறைய. பெண்கள் ஜங்புராவிலும் நிஜாமுதீனிலும் லாஜ்பத் நகரிலும் வீட்டு வேலைக்குப் போனார்கள். பிள்ளைகளில் பலர் லோதி எஸ்டேட்டில் இருக்கும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்தார்கள். நான் சொல்கிறவரும் அங்கே படித்தவர்தான், இப்போது டாக்சி ஓட்டுகிறார். கல்யாணத்துக்குப் பிறகு கேம்ப்பிலிருந்து வெளியேறி வாடகைக்குப் போனவர். பெயர் வேண்டாம்.

அவர் ஆடியது போகல் சந்தையில் ஒரு சைபர் கஃபேயில், மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து. 'ஹாரி பாட்டர் அண்ட் தி ஆர்டர் ஆஃப் தி ஃபீனிக்ஸ்' படத்தோடு 2007-இல் வந்த ஆட்டம். அதைச் செய்தவர்கள் படத்துக்குப் போட்ட அரங்கங்களைப் பார்த்து ஹாக்வார்ட்ஸ் கோட்டை முழுவதையும் கட்டியிருந்தார்கள். முந்தைய ஆட்டங்களைப் போல ஒரு கட்டம் முடிந்தால் அடுத்த கட்டம் என்று இல்லாமல், கோட்டைக்குள் இஷ்டத்துக்குத் திரியலாம். வழி தெரியாவிட்டால் வரைபடத்தை எடுத்து இடத்தைத் தொட வேண்டும், தரையில் காலடித் தடங்கள் முளைத்துக் கூட்டிப் போகும். சுவரில் தொங்கும் ஓவியத்துக்குச் சரியான கடவுச்சொல்லைச் சொன்னால் அது கதவாகத் திறந்து குறுக்குவழி காட்டும். கதையில் ஹாரிக்கு உலகத்தையே காப்பாற்ற வேண்டிய அவசரம். இவரோ ஒரு மணி நேரக் காசில் பாதியைச் சும்மா நடந்தே தீர்த்திருக்கிறார்.

படத்தைப் பிறகுதான் பார்த்தாராம். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"மத்லப், படம் ஃபாஸ்ட்டா ஓடிடுதுண்ணா. கதவு இருக்கு, அவன் போகவே மாட்டேங்குறான். கேமராவ நாம திருப்பவும் முடியாது."

சினிமா பற்றி நான் படித்த எத்தனையோ கட்டுரைகள் இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட முடியாமல் தவிப்பவை. நாம் படத்தை முதலில் பார்த்து ஆட்டத்தைப் பிறகு ஆடி, ஆட்டம் படத்துக்கு ஈடாகாது என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள். வரிசை மாறினால் தீர்ப்பும் மாறுகிறது. கோட்டைக்குள் வாரக்கணக்கில் நடந்தவனுக்கு இயக்குநர்தான் அவசரக்காரர். எல்லாக் கதவும் தெரிந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போய்க் கூடத்தில் மட்டும் உட்கார்ந்துவிட்டு வருகிறாற்போல அந்தப் படம் அவருக்கு இருந்திருக்கிறது.

படத்திலிருந்து பிறக்கும் ஆட்டங்களுக்கு நல்ல பெயர் இல்லை. பெயர் கெட்டதற்குக் காரணமும் உண்டு. படம் வெளியாகும் நாள் முன்பே குறித்தாகிவிடும், ஆட்டம் அந்த நாளைப் பிடித்தாக வேண்டும். மிகக் கொடுமையான உதாரணம் ஸ்பீல்பெர்கின் 'ஈ.டி.'தான். படம் 1982 கோடையில் வந்தது. ஆட்டத்துக்கான உரிமம் அடாரி நிறுவனத்தின் கைக்கு வந்தபோது ஜூலை கடைசி. கிறிஸ்துமஸுக்குக் கடையில் இருக்க வேண்டும் என்றார்கள். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒற்றை ஆள் ஐந்து வாரத்தில் எழுதி முடித்தார். அந்த வேற்றுக்கிரகக் குட்டி அடிக்கு ஒரு குழியில் விழும், கழுத்தை நீட்டி மேலே வரும், திரும்ப விழும். விற்காமல் தேங்கிய கேசட்டுகளை வேறு ஆட்டங்களின் கேசட்டுகளோடு சேர்த்து 1983-இல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ ஊரில் குப்பைமேட்டில் கொட்டிப் புதைத்தார்கள். 2014-இல் தோண்டிப் பார்த்தார்கள். இருந்தன. 'ஈ.டி.'யைப் பற்றி நமக்கு ஒரு தனி வருத்தமும் உண்டு. தான் 1967-இல் எழுதி அமெரிக்காவில் பிரதிகளாகச் சுற்றிய 'தி ஏலியன்' திரைக்கதை இல்லாமல் அந்தப் படம் சாத்தியமாகியிருக்காது என்று சத்யஜித் ராய் சொன்னார். ஸ்பீல்பெர்க் மறுத்தார். காகிதம் யார் கையில் இருந்தது என்கிற வழக்கு அங்கேயும்.

தமிழில் இந்த வகைக்கு வரலாறு சிறியது. 2014 மே மாதம் 'கோச்சடையான்' வந்தபோது கூடவே 'ரெய்ன் ஆஃப் ஆரோஸ்' என்று ஒரு மொபைல் ஆட்டமும் வந்தது. எனக்கு அந்தப் படமே ஆட்டங்களில் ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓடுகிற காட்சித் துண்டுகளை ஒட்டிவைத்த மாதிரிதான் தெரிந்தது. உடம்பில் புள்ளிகளை ஒட்டி நடிகரின் அசைவைப் பிடித்துக் கணினி உருவத்துக்குக் கொடுக்கும் நுட்பம் படத்துக்கும் ஆட்டத்துக்கும் பொது. ஆக, நம் முதல் மாயாஜால ஆட்டங்களில் ஒன்று, ஏற்கெனவே ஆட்டமாக இருந்த ஒரு படத்திலிருந்து பிறந்தது. ரஜினியை நாமே ஓட்டலாம் என்றபோது பெரிய ஆரவாரம் எழவில்லை. ரஜினி ரசிகனுக்கு ரஜினியாக இருக்க ஆசையில்லை, ரஜினி வருவதைப் பார்க்கத்தான் ஆசை என்று எனக்குத் தோன்றுகிறது. நுழைவுக் காட்சியில் விசிலடிக்கிறவன் கையில் ரிமோட்டைக் கொடுத்தால் விசிலடிக்கக் கை ஏது?

2017-இல் 'பாகுபலி'யின் இரண்டாம் பாகத்தையொட்டி பெங்களூரின் மூன்ஃப்ராக் லேப்ஸ் செய்த 'பாகுபலி: தி கேம்' வேறு சாதி. 2012-இல் வந்து உலகையே கட்டிப்போட்ட 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' வழியில், மகிழ்மதியில் கோட்டை கட்டி, படை திரட்டி, காலகேயர்களை விரட்ட வேண்டும். காலகேயர்களுக்கு மதன் கார்க்கி கிளிக்கி என்று ஒரு மொழியையே செய்து கொடுத்திருந்தார். படத்தில் மக்கள் நினைவில் தங்கியவற்றில் அதுவும் ஒன்று. ஆட்டத்தில் எதிரிக்கு மொழி தேவைப்படவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவைத் தண்ணீராக்கியிருந்த நேரம். கேம்ப்பின் சந்துகளில் பையன்கள் ஒரே போனுக்கு மூன்று தலை வைத்து உட்கார்ந்திருப்பதை அந்த நாட்களில் பார்க்கலாம். பிறகு அவர்களும் எல்லாரையும் போல ஃப்ரீ ஃபயருக்குப் போய்விட்டார்கள்.

இந்த வகை ஆட்டத்தில் கட்டிடத்தைத் தொட்டால் 'மேம்படுத்து' என்று கேட்கும். கல்லும் பொன்னும் சேர்ந்திருந்தால் போதும், ஒரு மாடி ஏறும். அனுமதி கேட்க ஆளில்லை. மேம்படுத்தியதை யாரும் குற்றமென்று சொல்லப் போவதுமில்லை.

நான் சொல்ல வந்த ஆட்டம் இதுவும் அல்ல. 2004 டிசம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட 'தி பேட்டில் ஃபார் மிடில் எர்த்'. படத்தின் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு செய்தது. மேலிருந்து நிலத்தைப் பார்த்துப் படைகளை நகர்த்துகிற வகை. கதையைப் படித்தவர்களுக்கும் படம் பார்த்தவர்களுக்கும் தெரியும்: ஆமோன் ஹென் மலைச்சரிவில் போரோமிர் சாக வேண்டும். மோதிரத்துக்கு ஆசைப்பட்டவன், பிறகு குட்டி ஹாபிட்டுகளைக் காக்க நின்று மார்பில் அம்பு வாங்குகிறவன். அந்தச் சாவு இல்லையென்றால் அவன் வெறும் பேராசைக்காரன். ஆனால் இந்த ஆட்டத்தில், சரியான நேரத்தில் அவன் தோழர்களைத் திருப்பி ஓட்டி, எதிரிப் படைத் தலைவன் லுர்ட்ஸைக் கொன்றுவிட்டால், போரோமிர் பிழைத்துக்கொள்வான். அதோடு விடுகிறதில்லை, அடுத்தடுத்த போர்களுக்கும் வருவான். டோல்கீன் கொன்று ஜாக்சன் கொன்ற ஆளை, சைபர் கஃபேயில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் மினாஸ் டிரித் நகரத்து மதில்மேல் நிறுத்தி வைக்கலாம்.

படத்தைத் தழுவிய ஆட்டங்களில் இது அபூர்வம். பெரும்பாலானவை விக்கிரமாதித்தன் கதை இலக்கணத்தில் இயங்குகிறவை. தோளில் போட்டு நடக்கலாம், கதை கேட்கலாம், பதில் சொல்லலாம். பதில் எவ்வளவு சரியாக இருந்தாலும் வேதாளம் முருங்கை மரத்துக்குத்தான் போகும். ஆடுகிறவனுக்குக் கொடுக்கப்படும் சுதந்திரம் மறுபடி தோற்கிற சுதந்திரம். வென்றாலும் கதை ஏற்கெனவே எழுதின இடத்தில்தான் போய் நிற்கும். அம்புலிமாமாவில் மாதாமாதம் வேதாளத்தை மரமேற்றிய நாகி ரெட்டியும் சக்ரபாணியும்தான் வாகினி ஸ்டூடியோவில் 'பாதாள பைரவி'யும் 'மாயா பஜா'ரும் எடுத்தவர்கள். கதையும் படமும் அவர்களிடம் ஒரே கூரைக்குள் இருந்தன. அதிலிருந்து ஓர் உருப்படியான ஆட்டம் எழாமல் போனது நம் துரதிர்ஷ்டம். கடோத்கஜனின் மாளிகைக்குள் நடந்து பார்க்க எனக்கு இன்றும் ஆசை இருக்கிறது.

போரோமிருக்குத் திரும்புகிறேன். அதே ஆட்டத்தில் தீய தரப்பாகவும் ஆடலாம். மந்திரவாதி சாருமானின் ஐசன்கார்டு கோட்டையிலிருந்து தொடங்க வேண்டும். மரங்களை வெட்டிச் செல்வம் சேர்க்க வேண்டும், ரோஹன் கிராமங்களைக் கொளுத்த வேண்டும், கடைசியில் மினாஸ் டிரித்தையே வீழ்த்தலாம். எந்த வீட்டை இடிக்க வேண்டுமோ அதன்மேல் சொடுக்கினால் போதும். வீட்டுக்கு மேல் ஒரு கோடு, அது தேய்ந்து சிவப்பாகித் தீர்ந்ததும் கூரை உட்காரும். உள்ளே யார் என்று ஆட்டம் சொல்லாது. அந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது அதைக் கேட்கவும் தோன்றாது. கேம்ப்பில் வளர்ந்த என் நண்பர் இரண்டு தரப்பிலும் ஆடியிருக்கிறார். எது பிடிக்கும் என்று கேட்டதற்கு, கொளுத்துவதுதான் ஜாலி என்று தயங்காமல் சொன்னார். அதில் ஒரு தத்துவத்தைத் தேட வேண்டியதில்லை. கொளுத்துவது ஜாலிதான், அதனால்தான் அதை ஆட்டமாக விற்கிறார்கள்.

ஆனால் ஹாக்வார்ட்ஸ் ஆட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு என்னை விடவில்லை. அங்கே ஆடுகிறவனின் கண் ஒரு பையனின் தோளுக்குப் பின்னால் இருக்கிறது. படி ஏற வேண்டும், கதவைத் தள்ள வேண்டும், வழி தவற வேண்டும். இங்கே கண் வானத்தில். படியும் கதவும் இல்லை, கூரைகளும் எண்களும் மட்டும். ஓர் இடத்தை அறிய இரண்டு முறைகள். நடந்து அறிகிறவரிடம் பெரும்பாலும் காகிதம் இருப்பதில்லை. காகிதம் வைத்திருப்பவர் பெரும்பாலும் நடப்பதில்லை.

2010-இல் காமன்வெல்த் போட்டிக்காகப் பாராபுலா மேம்பாலச் சாலையைக் கட்டினார்கள். வீரர்கள் தங்கும் கிராமத்திலிருந்து நேரு ஸ்டேடியத்துக்குச் சிக்னலில் நிற்காமல் வந்து சேர வேண்டும் என்பது திட்டம். கீழே நாலா, அதன் மேலே ஜஹாங்கீர் காலத்தில் மிஹர் பானு ஆகா என்ற அரண்மனை அதிகாரி 1621-22 வாக்கில் கட்டுவித்த பழைய பாலம், பக்கத்தில் மதராசி கேம்ப். மேம்பாலத்தில் விரைகிறவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தகரமும் தார்ப்பாயும் தண்ணீர்த் தொட்டிகளும்தான். சந்துக்குள் இட்லிக் கடை எங்கே, கோயில் எங்கே, எந்த வீட்டுத் திண்ணையைத் தாண்டினால் எந்தச் சந்தில் ஏறலாம் என்பதெல்லாம் நடந்தால் மட்டும் தெரிகிற விவரம்.

நாலாவில் அடைப்பு, மழைக்காலத்தில் வெள்ளம் என்கிற வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் கேம்ப்பை அகற்ற உத்தரவிட்டது. வெள்ளம் பொய்யல்ல. ஜங்புரா, நிஜாமுதீன் தெருக்களில் மழைநீர் நிற்பதைப் பார்க்காத தில்லிவாசி இல்லை. ஜூன் 1 அன்று புல்டோசர்கள் வந்தன. அன்று அதிகாரிகள் சொன்ன கணக்கில் 370 குடிசைகள், அவற்றில் நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுள்ளவை 189. நரேலா தில்லியின் வடகோடியில், சுமார் 40 கிலோமீட்டருக்கு அப்பால். ஜங்புராவில் காலை ஏழு மணிக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டியவர் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட அந்தப் பக்கம் இல்லை. ஊர் திரும்ப நினைப்பவர்களுக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஊரைக் கோடை விடுமுறைக்கு மட்டும் பார்த்த பிள்ளைகளுக்கு எதை ஊர் என்று சொல்வது?

தகுதி எப்படி முடிவாகிறது என்று தில்லியின் 2015-ஆம் ஆண்டுக் குடிசை மறுவாழ்வுக் கொள்கையைப் படித்துப் பார்த்தேன். குடியிருப்பு 2006 ஜனவரி 1-க்கு முன் இருந்திருக்க வேண்டும். குடிசை 2015 ஜனவரி 1-க்கு முன் எழுந்திருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், ஏற்கத்தக்க ஆவணங்கள் வேண்டும். மாடியில் குடியிருப்பவருக்குத் தனி ரேஷன் கார்டு இருந்தால்தான் அவர் தனிக் குடும்பம். இல்லையென்றால் கீழ்வீட்டுக்காரருக்கு மட்டும்தான் கணக்கு. மகனுக்குக் கல்யாணமானால் மேலே ஓர் அறை எழுப்புவது எந்தக் குடிசைப் பகுதியிலும் நடப்பது. நடந்து போகிறவருக்கு அது இரண்டு அடுப்பு, இரண்டு குடும்பம். கணக்கெடுப்பவருக்கு ஒரு கூரை.

இடிபட்ட வீடுகளைப் பற்றி எழுதும்போது வீடியோ கேமை இழுப்பது எனக்கே கூசுகிறது. ஆட்டத்தில் இடிந்த கோட்டையைச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி எழுப்பலாம். ஜூன் மாதத்து வெயிலில் தெருவோரம் கட்டிலும் பீரோவுமாக உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சேமித்த இடம் என்று ஒன்று இல்லை. கதைக்கும் அவர்களுக்கும் முடிச்சுப் போட நான் முயலவில்லை. காகிதம் வேலை செய்கிற விதம் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறது. ஓர் இடத்தில் யார் எத்தனை காலம் வாழ்ந்தார், அதன் மூலை முடுக்கு யாருக்குத் தெரியும் என்பது காகிதத்தில் ஏறுவதில்லை. எந்தத் தேதிவரை செல்லும் என்பது மட்டும் ஏறுகிறது.

'தி பேட்டில் ஃபார் மிடில் எர்த்' ஆட்டத்துக்கும் ஒரு தேதி இருந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் டோல்கீன் உரிமம் சில ஆண்டுகளில் காலாவதியானது. புதுப்பிரதி அச்சடிப்பது நின்றது. பத்தாண்டுப் பழைய ஆட்டங்களைக்கூட இணையத்தில் விற்கிற பெரிய கடைகள் எதிலும் இது இல்லை. 2010 டிசம்பர் 31 அன்று, ஆட்கள் ஒருவரோடொருவர் மோதுவதற்கான சர்வரையும் நிறுத்தினார்கள். மென்பொருள் ஒரு நிறுவனத்திடம், படத்தின் முகங்கள் இன்னொரு நிறுவனத்திடம், பெயர்களின் உரிமை வேறொரு இடத்தில். அந்தக் கடைசி உரிமையை 2022-இல் ஸ்வீடனின் எம்பிரேசர் குழுமம் வாங்கியிருக்கிறது. எல்லாரும் ஒரு மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் ஒழிய இந்த ஆட்டத்தை யாரும் சட்டப்படி விற்க முடியாது. அப்படி உட்கார அவர்களுக்கு லாபம் எதுவும் இல்லை. விற்காமல் பூட்டி வைத்திருப்பது திருட்டாகாது, பூட்டியதைத் திறந்து ஆடுவதுதான் திருட்டு. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் ஒருமுறையாவது ஓர் ஆட்டத்தை முடித்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

ஆனால் அந்த உலகம் அழியவில்லை. அதில் குடியிருந்தவர்கள் தாங்களே சர்வர் நடத்துகிறார்கள். இலவசமாக, சம்பளமில்லாமல், நிறுவனம் விட்டுப்போன பிழைகளை இருபது ஆண்டுகளாகத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். புதுக் கணினியில் ஓடவைக்கும் வழியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். சிலர் அடியிலிருந்து புதிதாகவே கட்டுகிறார்கள். இன்று இந்த ஆட்டத்தின் மூலை முடுக்குகள் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸில் இருப்பவர்களைவிட இவர்களுக்கே நன்றாகத் தெரியும் என்று பந்தயம் கட்டலாம். மென்பொருளைப் பிரதியெடுக்கலாம் என்பதால் வந்த வாய்ப்பு இது. கேம்ப்பின் சந்துகளைப் பிரதியெடுக்க முடியாது.

போன குளிர்காலத்தில் என் நண்பர், மகனுக்குக் காட்ட வேண்டும், அந்தப் பழைய ஆட்டம் எங்காவது கிடைக்குமா என்று கேட்டார். மகனிடம் போரோமிர் கதையை ஏற்கெனவே சொல்லிவிட்டாராம், அதுவும் அவன் பிழைத்துக்கொள்கிற மாதிரி. படத்தைப் போட்டுக் காட்டினால் அடி விழும் என்று சிரித்தார். அசல் டிவிடி வாங்கிக் கொடுத்துவிடலாம் என்ற வீம்பில் நேரு பிளேஸ் போனேன். முற்றத்தில் சிடி விரிப்புகள் போய் மொபைல் கவர் விரிப்புகள் வந்திருந்தன. நாலைந்து கடை ஏறி இறங்கிய பிறகு, பழைய சாமான் விற்கும் ஒரு பெரியவர் பெட்டிகளைக் கிளறிவிட்டுக் கையை விரித்தார். அசல்தான் வேண்டும் என்று நான் இரண்டாவது முறை சொன்னதும் அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. அசல் எல்லாம் கம்பெனிக்காரனே தூக்கிப் போட்டாச்சு, நெட்டில் பையன்கள் வைத்திருப்பார்கள், இறக்கிக்கொள்ளுங்கள், வராவிட்டால் பென் டிரைவ் கொண்டுவாருங்கள், என் பேரனிடம் சொல்லிப் போட்டுத் தருகிறேன் என்றார் இந்தியில். எவ்வளவு ஆகும் என்றேன். டீ வாங்கிக் கொடுத்தால் போதும் என்றார்.